தேவையானவை: குழந்தை 1

அந்த வாரம் எங்கள் வீட்டில் போர்ச்சுகல். மீனைத் தக்காளியோடு வேகவைத்து, அதில் கிஸ்மிஸ் பழம் போட்டு, மேலே சர்க்கரையைத் தூவி, குளிர்ந்த பாலேட்டை ஊற்றி அம்மா மேசைமேல் வைத்தாள். அப்பா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். போட்டவர் மெல்லவில்லை. பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருஷமாக நேரக் காப்பாளர் அவர். எவ்வளவு தாமதமாக வண்டி வந்தாலும் முகத்தில் எதையும் காட்டாமல் பதிவேட்டில் மட்டும் காட்டுகிறவர். அன்றைக்குப் பதிவேடு கையில் இல்லாததால் கொஞ்சம் திணறினார்.

“போர்ச்சுகல்காரங்க இப்படித்தான் சாப்பிடறாங்களா?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு,” என்றாள் அம்மா.

“அதான் வீட்ட விட்டுக் கப்பலேறி ஊர் ஊரா ஓடியிருக்காங்க.”

அம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். கல்லூரிச் சுவரிதழில் ‘வாரம் ஒரு நாடு’ என்று ஒரு பத்தி எழுதிவந்தேன். அப்பா வாய் திறந்தால் எனக்குப் பாதிப் பத்தி முடிந்துவிடும்.

எட்டு மாதமாக இப்படித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிலர் தோட்டம் போடுவார்கள். சிலர் மருமகளைப் போட்டுப் படுத்துவார்கள். அம்மா அடுப்படியில் நின்றபடி உலகம் சுற்றினாள். ஒரு பெரிய அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்துபவளாக இருந்தவள் அவள். கடைசியாகத் திருத்திய புத்தகம் அறுநூற்று நாற்பது பக்க உலகச் சமையல். விடைகொடுக்கும்போது அதிலேயே ஒரு பிரதியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு முன் அம்மா சமையல் புத்தகம் எதையும் பார்த்துச் சமைத்ததில்லை. இப்போது அச்சகத்தில் பிழை பார்த்த அதே முறையில் சமைத்தாள்: வரிக்கு அடியில் எஃகு அளவுகோலை வைப்பாள். படிப்பாள். செய்வாள். பென்சிலால் ஒரு புள்ளி. அளவுகோல் ஒரு வரி கீழே இறங்கும்.

ஹங்கேரி வந்தது, கிரேக்கம் வந்தது, பிலிப்பைன்ஸ் வந்து புளித்துவிட்டுப் போனது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா தொலைபேசியில் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘இன்னைக்கு எந்த நாடு’ என்று கேட்க ஆரம்பித்தாள். அப்பா மட்டும் சில நாள், சமையலறை வாசலில் நின்று, யாருக்கென்று சொல்லாத ஒரு விண்ணப்பத்தைப் போடுவார்.

“ஒரு நாளைக்கு நம்ம வீட்டுப் பருப்பு வெக்கக் கூடாதா?”

“அது எப்பவும் தின்றதுதானே,” என்பாள் அம்மா, அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாத்திரம் கழுவுவது என் வேலை. போர்ச்சுகல் அன்று கழுவி முடித்துத் திரும்பினால் புத்தகம் திறந்தபடி கிடந்தது. பத்திக்கு மீன் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நூற்றுப் பதினோராம் பக்கத்தில் மீன், தக்காளி, வெங்காயம். அதைத் திருப்பினால் நூற்றுப் பதினான்கு வந்தது. அதில் கிஸ்மிஸ், சர்க்கரை, பாலேடு. இங்கிலாந்துக்காரர்களின் ரொட்டிப் புட்டிங்குடைய பின்பாதி. நடுவிலிருந்த இரண்டு பக்கங்களும், துருக்கி வாரத்தில் சிந்திய பாகில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த இதழுக்குக் கவலை இல்லை. பிறகுதான் சிரிப்பு நின்றது. என் ஆறாம் வகுப்புப் பாடநூலில் பக்க எண் ஒன்று மாறியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் இவள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னை எல்லாரும் ‘பக்கம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்டவள் நூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு நூற்றுப் பதினான்கைப் படித்துவிட்டு, மீனில் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம் என்ன வரும்?”

“நூத்திப் பன்னெண்டு. காலேஜ்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?”

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவள் எண்ணைப் பார்த்தாள். ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவே நகத்தை விட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“அப்பாகிட்ட சொல்லாத.”

“மீனுக்கா? அவர் அத எப்பவோ மன்னிச்சிட்டாரு.”

“மீனுக்கில்லடா.”

துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு மருத்துவமனைத் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஒரு மூளை நரம்பு மருத்துவர் அச்சடித்துக் கையெழுத்திட்ட கடிதம். இரண்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு ஓரத்தில் திருத்தக் குறி போட்டிருந்தாள் அம்மா. முகவரியில் ஒரு பிழை, தேதியில் ஒரு பிழை. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும் என்றும், இது தொடக்கம் என்றும், திரும்பாது என்றும் எழுதியிருந்த இடத்தில் வட்டம் எதுவும் இல்லை.

“போன வருஷம் ஒரு நாள் பருப்பு வேகவெக்கலாம்னு பாத்திரத்த எடுத்தேன்,” என்றாள். “அப்புறம் என்னன்னு தெரியல. முதல்ல தண்ணியா, பருப்பா, அடுப்பா. நின்னுட்டே இருந்தேன். கல்யாணமான நாள்லேருந்து செஞ்சது. ஆனா எங்கயும் எழுதி வெக்கலயே. எல்லாம் தலைக்குள்ளதான இருந்துச்சு.”

“அதனாலதான் ஹங்கேரியா?”

“அதனாலதான் ஹங்கேரி. அதுல ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா இருக்கு. எழுதியிருந்தா நான் செய்வேன்டா. எவ்வளவு சிக்கலா இருந்தாலும் செய்வேன். எழுதாததுதான் முடியல.”

நான் வழக்கம்போல் ஏதோ ஒரு நகைச்சுவை சொன்னேன். அது என்னவென்று இப்போது நினைவில்லை. அம்மா பொறுமையாக அது முடியும்வரை காத்திருந்தாள்.

“அடுத்த மாசம் உங்கக்கா வேலைக்குப் போறா. பாப்பாவ எங்கிட்ட விடறேன்னு சொல்லியிருக்கா. இது தெரிஞ்சா விட மாட்டா.”

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் கணவர் கப்பலில் இருக்கிறார். எட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மனைவிக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு போவார். ஐந்து மாதக் குழந்தை. மருத்துவமனைப் பக்கத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அதில் ஒரே ஓர் இடம் காலி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சேர்ப்பதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். ‘நான் எதுக்கு இருக்கேன்’ என்று அம்மா கேட்ட அன்றே அக்கா காப்பகத்தை மறந்துவிட்டாள்.

“ஒரே ஒரு வருஷம்,” என்றாள் அம்மா. “அதுக்குள்ள அது நடக்க ஆரம்பிச்சிடும். அந்த ஒரு வருஷம் எனக்கு வேணும். அதுக்கப்புறம் நீங்க எங்க வேணா கொண்டுபோய் விடுங்க.”

நான் சரி என்றேன். நல்ல பிள்ளை என்பதால் அல்ல. இருபது வருஷத்தில் முதல்முறையாக அம்மா, அக்காவிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

எழுதியிருந்தால் செய்வாள்; அவ்வளவுதானே, எழுதிவிடுவோம் என்று நினைத்தேன். முதலில் சோதனைக்குப் பருப்பு. அம்மாவின் பருப்பைச் செய்யத் தெரிந்த இன்னொரு ஆள், அம்மாவின் தங்கை. சித்தியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“உப்பு எவ்வளவு சித்தி?”

“தேவையான அளவு.”

“தேவையான அளவுன்னா?”

“போதும்னு தோணுற அளவு.”

“எவ்வளவு போட்டா போதும்னு தோணும்?”

“ஏன்டா, பரீட்சைக்கா கேக்கற? ஒரு கை போடுடா.”

“யார் கை? உங்க கையா, என் கையா?”

“உன் கைய வெச்சு இதுவரைக்கும் என்ன வேலை நடந்திருக்கு? எங்கக்கா கை.”

மூன்று நாளில் பதினேழு அழைப்புகள். ஒருவழியாகப் பதினெட்டு வரியில் பருப்பு வந்து சேர்ந்தது. அம்மாவின் பருப்பு என்று தலைப்புப் போட்டால் அப்பா பார்த்துவிடுவார். அதைவிட, அம்மா பார்த்துவிடுவாள். அதனால் புத்தகத்தில் இருப்பதைப் போலவே எழுத்தமைத்து, அதே அகலத்தில் தாள் வெட்டி, நடுக்கடலில் நானே வைத்த ஒரு தீவின் உணவு என்று அச்சடித்துப் புத்தகத்துக்குள் செருகினேன். தீவில் மக்கள்தொகை நானூறு, முக்கியத் தொழில் வலை பின்னுதல் என்றுகூடப் போட்டேன்.

அம்மா முதலில் கேட்ட கேள்வி, “இந்தப் பக்கத்துக்கு எண் இல்லையே?”

“இணைப்பு.”

“இணைப்புன்னா மேல போட்டிருக்கணும்,” என்று முணுமுணுத்தபடி அளவுகோலை வைத்தாள்.

அன்று மதியம் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். இன்னொரு வாய். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. மூன்றாம் முறை தட்டை நீட்டிக்கொண்டே, “இந்தத் தீவு எங்க இருக்குன்னு பாருடா. ரிட்டயர் ஆனதும் அங்க குடிபோயிடலாம்,” என்றார்.

“அப்படி என்ன இருக்கு இதுல?” என்றாள் அம்மா. தன் தட்டில் கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு என்னமோ அவ்வளவா பிடிக்கல. ஹங்கேரி தேவல.”

அவள் நடிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பதினெட்டு வரியும் பிசகாமல் வேலை செய்திருந்தன. என் எழுத்து இதற்குமுன் எங்கும் வேலை செய்ததில்லை.

அடுத்து, குழந்தையை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போய், அவள் பின்னாலேயே நோட்டோடு அலைந்தேன். பத்திக்கு என்று சொன்னேன். “என் பொண்ண வெச்சு நாலு பேர சிரிக்க வெக்கப் போறியா? வெளங்கிடும்,” என்றாளே தவிரத் தடுக்கவில்லை. பால் மாவு எத்தனை கரண்டி, தண்ணீர் எவ்வளவு, ஆறிவிட்டதா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, குடித்தபின் தோளில் போட்டு முதுகைத் தட்டுவது, எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை துணி மாற்றுவதற்கு. எல்லாவற்றையும் எழுதினேன். சமையல் குறிப்பின் வடிவத்தையே வைத்துக்கொண்டேன். அம்மாவின் கைக்கு அது பழகியது. எனக்கும் சிரிப்பாக இருந்தது. மேலே ‘தேவையானவை: குழந்தை 1’ என்று போட்டேன். அதற்குக் கீழே துண்டு 2, பால் புட்டி 3, பொறுமை வேண்டிய அளவு.

குளிப்பாட்டுவதுதான் கடினம். தொட்டியில் பாதியளவு வெந்நீர். முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். குழந்தையை இறக்கி, இடது கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, அந்தப் பக்கத்துத் தோளைப் பிடிக்க வேண்டும். வலது கையால் கழுவ வேண்டும். அக்கா செய்யச் செய்ய நான் எழுதினேன். முப்பத்தாறாவது வரி இப்படி முடிந்தது: ‘எக்காரணம் கொண்டும் பிடியைத் தளர்த்தக் கூடாது.’ அதற்கு அடிக்கோடு வேறு போட்டேன். அந்த நேரம் பார்த்து பாப்பா கண்ணில் சோப்பு போய், வீடு அதிர அலறியது.

“எழுதிக் கிழிச்சது போதும், துண்ட எடுடா,” என்று அக்கா கத்தினாள்.

நோட்டை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைத் துடைத்து, பவுடர் போட்டு, ஆளுக்கொரு பக்கமாகச் சட்டைக்குள் கையை நுழைத்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு நோட்டை எடுத்துத் தூங்கவைக்கும் பகுதிக்குப் போய்விட்டேன்.

கல்லூரியில் அச்செடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை என்று போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பிழை பார்த்தாள். இரண்டு காற்புள்ளிகளை நீக்கினாள்.

“ஏதாவது விட்டுப்போயிருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. சுத்தமா இருக்கு.”

வேலையில் மறுபடி சேர்வதற்கு முன்னால் அக்காவுக்கு உடல் தகுதிப் பரிசோதனை இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் பாப்பாவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். “பாட்டிய ரொம்பப் படுத்தாத,” என்று குழந்தையிடம் சொன்னாள். என்னிடம், “நீயும்தான்,” என்றாள்.

பத்தரைக்குப் பால். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அம்மா உறையை மேசைமேல் வைத்து, அளவுகோலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறங்கினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு. தோளில் போட்டு முதுகில் தட்டு. பாப்பா ஏப்பம் விட்டது. அம்மா பென்சிலால் புள்ளி வைத்தாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் ஹங்கேரியிலும் பார்த்ததில்லை, கிரேக்கத்திலும் பார்த்ததில்லை.

“போடா, போய் உன் வேலையப் பாரு. மேல நின்னு மேற்பார்வையா பண்ற?” என்றாள்.

போனேன். முன்னறையில் உட்கார்ந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, அந்த வாரப் பத்தியை எழுதினேன். தீவைப் பற்றித்தான். நன்றாக வந்துகொண்டிருந்தது.

பதினொன்று ஐந்துக்குக் குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டதாக நினைவு. அடுத்து நான் கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டாக எட்டு நிமிஷம். காதிலிருந்ததை எடுத்தேன். வீடு அமைதியாக இருந்தது. தூங்கவைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு இன்னொரு வாக்கியமும் எழுதினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. அம்மா ஈரத் தரையில் முட்டி போட்டிருந்தாள். முக்காலிமேல் உறை, உறையில் கடைசி வரிக்கு அடியில் அளவுகோல். இடது கை பாப்பாவின் கழுத்துக்கு அடியில் போய் அந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்திருந்தது. எழுதியது எழுதியபடி. அந்தக் கை தோள்பட்டைவரை நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் விரலை வைத்தேன். குழாய்த் தண்ணீர்போல் ஜில்லென்றிருந்தது. பாப்பா அழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. உதடு நீலம்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

“அடுத்த பக்கம் எங்கடா? தேடிட்டுப் போலாம்னா கைய எடுக்க முடியல. எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“கூப்பிட வேண்டியதுதானம்மா.”

“கூப்பிட்டேன்.”

குழந்தையை வாரி எடுத்தேன். அம்மாவின் விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. துண்டில் சுற்றி, என் சட்டையைக் கழற்றி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மேலே இழுத்துக்கொண்டேன். வெற்று நெஞ்சின்மேல் ஈர மண்ணை வைத்ததுபோல் இருந்தது. நான்கு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ. பிறகு அது அழ ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் யாருடைய அழுகைக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அம்மா வாசலில் நின்றாள். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“ஒரு பக்கம்தானே விட்டுப்போச்சு,” என்றாள். “நீ எழுதிடு. உங்கக்கா வர இன்னும் நேரம் இருக்கு. அவகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்.”

பாப்பா சூடாகி, உதடு சிவந்து, பால் குடித்துத் தூங்கிவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘37. குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும்.’ ‘38. துடைக்கவும்.’ அப்புறம், தண்ணீர் ஆறினால் 37-க்குப் போகவும். குழந்தை நீலமானால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போக வேண்டாம். போனால், குழந்தையை அடுப்பு மேடையில் வைக்க வேண்டாம். தெருக்கதவைத் திறந்தால் மூடவும். வெளியே போனால் குழந்தையை எடுத்துக்கொண்டு போகவும். போன இடத்திலிருந்து குழந்தையோடு திரும்பவும். எண்பத்து மூன்றாவது வரியில் ‘இது உங்கள் பேத்தி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டேன்.

அக்கா ஒரு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். தூங்கும் பாப்பாவைக் குனிந்து முத்தமிட்டுவிட்டு, “அம்மா எங்க? எப்படிப் போச்சு?” என்றாள்.

உறைகளையும் புதிதாக எழுதிய தாள்களையும் அவளிடம் கொடுத்தேன். முதல் தாளில் ‘தேவையானவை: குழந்தை 1’ என்பதைப் படித்துச் சிரித்தாள். ‘பொறுமை வேண்டிய அளவு’ என்பதற்கும் சிரித்தாள். முப்பத்தாறாவது வரி வந்ததும், அவள் கேட்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொன்னேன்: புடவைகளுக்கு அடியிலிருந்த மருத்துவமனைத் தாளை, ஹங்கேரியை, தீவை, தண்ணீரை. சொல்லும்போது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பாப்பாவைத் தூக்கி, துணியைப் பிரித்து, கை கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பிறகு காப்பகத்துக்குத் தொலைபேசி செய்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இடம் இருந்தது.

அம்மா வெளியே வந்தாள்.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?” என்றாள் அக்கா.

“சொன்னா கொழந்தையத் தர மாட்டே.”

“ஆமா. தர மாட்டேன்தான்.”

“அதான் சொல்லல.”

அக்கா குழந்தையைத் தன் மருத்துவமனைக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மா மட்டும் என்னிடம் ஒருமுறை வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அச்சகத்தில் பிழையோடு வந்த தாளைத் திருப்பி அனுப்பும் குரல்தான் அது.

“நீ அடுத்த வரிய எழுதியிருந்தா நான் செஞ்சிருப்பேன்.”

“தெரியும்மா.”

சாயங்காலம் அப்பாவிடம் அக்காவே தொலைபேசியில் சொன்னாள். அவர் வெகுநேரம் உம் கொட்டினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப அந்தத் தீவு?”

“நம்ம வீடுதாம்ப்பா.”

அவர் எழுந்து போய், தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, தானே கழுவ ஆரம்பித்தார். வெகுநேரம் கழுவினார். ‘வாரம் ஒரு நாடு’ அந்த வாரத்தோடு நின்றது. ஏன் என்று கேட்ட நண்பர்களிடம் நாடுகள் தீர்ந்துவிட்டன என்று சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா முதல்முறையாகப் பாப்பாவோடு சாப்பிட வந்தாள். அன்று ஆஸ்திரியா. இறைச்சியைத் தாள்போல் அடித்துத் தட்டையாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. இப்போதெல்லாம் அம்மா சமைக்கும்போது அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எண்ணெய் காய்ந்ததும் சொல்கிறார், அணைக்க வேண்டியபோதும் சொல்கிறார். நேரக் காப்பாளர் வேலைக்கு இடமாற்றம்தான், ஓய்வில்லை.

நால்வரும் உட்கார்ந்தோம். அக்கா பாப்பாவை மடியில் வைத்து இடது கையால் வளைத்துப் பிடித்திருந்தாள். வலது கையில் முள்கரண்டி. ஒற்றைக் கையால் குத்தக் குத்த, இறைச்சி வெட்டுப்படாமல் தட்டிலேயே சுற்றி வந்தது.

“கொழந்தைய எங்கிட்ட குடு. நீ நிம்மதியா சாப்பிடு,” என்றாள் அம்மா.

“பரவால்லம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி, “கொழந்தைய எங்கிட்ட குடு. நீ நிம்மதியா சாப்பிடு,” என்றாள். அதே வார்த்தை, அதே அன்பு. அக்காவும் முதல்முறை கேட்டதுபோலவே, “பரவால்லம்மா,” என்றாள். அப்பா எனக்கும் தனக்கும் நடுவிலிருந்த தண்ணீர்க் குவளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை அம்மா கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்தி அக்கா பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கத்தியால் இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். தன் முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினாள். அக்கா ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

“மெதுவா மெல்லு. சூடு.”

தட்டு காலியானதும் அம்மா இன்னொரு துண்டு வைத்து அதையும் நறுக்கினாள். அக்கா எப்போதும் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறவள். அப்பா, “போதும்மா அவளுக்கு,” என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா வாய் நிறைய வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று அவருக்குத் தலையாட்டினாள்.

அடுத்த துண்டோடு அம்மா முன்னால் சாய்ந்தபோது, பாப்பா எட்டி அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அம்மா குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்து எடுத்து, அந்தக் கையைத் தன் உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.